ஓவியத்தில் இருட்டு எதற்கு, வெளிச்சத்தை யாருக்குக் கொடுப்பது?

கேள்வி இது: ஆயில் பெயிண்டில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாக வரைந்து, முகத்தில் மட்டும் வெளிச்சம் விட்டு, சுற்றிலும் கறுப்பு அடித்தாயிற்று. பார்ப்பவர்கள் "ராத்திரி நேரமா?" என்று கேட்கிறார்களே தவிர, படம் வேறெதுவும் சொல்லவில்லை. பழைய ஐரோப்பிய ஓவியங்களில் ஒளியும் இருளுமே கதை சொல்கின்றன. அதை எப்படிச் செய்கிறார்கள்? எவ்வளவு இருட்டு வேண்டும், எந்த நிறத்தில் வேண்டும்?

அளவையும் நிறத்தையும் கீழே விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியவை சில உண்டு. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யார் மேல் விழுகிறது, யாரை விட்டுவிடுகிறது, விழுந்தவர் அதற்கு என்ன செய்கிறார்? இவற்றுக்கு விடை வைத்துக்கொள்ளாமல் பிரஷ்ஷை எடுத்தால், கறுப்பு வெறும் பின்னணியாகத்தான் நிற்கும். உங்கள் படத்தில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். விளக்கு எங்கே இருக்கிறது என்று படத்துக்கே தெரியவில்லை.

ரோம் நகரத்தில் சான் லூயிஜி தெய் பிரான்சேசி என்றொரு தேவாலயம். அதன் கொன்டரெல்லி சிற்றாலயத்தில், இடது சுவரில் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1599–1600இல் வரைந்த 'புனித மத்தேயுவின் அழைப்பு' இருக்கிறது. உயரமும் அகலமும் மூன்று மீட்டருக்கு மேல். இணையத்தில் இந்தப் படத்தைப் பெரிதாகத் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். மேஜையைச் சுற்றி ஐந்து பேர், மேஜை மேல் காசு. வலப்பக்கம் இயேசுவும் பேதுருவும் வந்து நிற்கிறார்கள். வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு கை நீட்டிக் கூப்பிடுகிறார்.

படத்தில் ஒரு ஜன்னல் உண்டு. வெளிச்சம் அங்கிருந்து வருவதாக முதலில் தோன்றும். உற்றுப் பார்த்தால் அந்த ஜன்னல் மங்கிக் கிடக்கிறது. அதிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை. ஒளி வலது மேல்மூலையில், படத்துக்கு வெளியே எங்கிருந்தோ, இயேசுவின் தலைக்கு மேலாகச் சாய்ந்து இறங்குகிறது. அவர் வந்த பக்கமும் அதுதான். நீட்டிய கையும் ஒளியின் போக்கும் ஒரே திசையில் போகின்றன. சிற்றாலயத்தின் பலிபீடத்துக்கு மேலே உள்ள உண்மையான ஜன்னலும் இடது சுவரைப் பார்த்து நிற்பவருக்கு வலக்கைப் பக்கம்தான் வரும். ஆகவே அங்கே நிற்பவர் கண்ணுக்கு, கோயிலின் வெளிச்சமே படத்துக்குள் நுழைவதுபோல இருக்கும்.

இனி யாருக்கு எவ்வளவு ஒளி கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். இயேசுவின் முகத்தில் பாதி இருட்டு. உடம்பில் பெரும்பகுதியைப் பேதுரு மறைத்து நிற்கிறார். காசுக்காரர்கள் மேல்தான் வெளிச்சம் தாராளமாக விழுகிறது. இடது ஓரத்தில் ஒரு இளைஞன் தலையைக் குனிந்து காசையே பார்க்கிறான். மூக்குக்கண்ணாடிக்காரக் கிழவர் ஒருவரும் அதையேதான் பார்க்கிறார். அவர்கள் மேலும் அதே வெளிச்சம் படுகிறது, ஆனால் அவர்கள் நிமிரவில்லை. மற்ற மூவரும் திரும்பிப் பார்க்கிறார்கள். தாடிக்காரர் விரலால் தன்னைக் காட்டுகிறாரா, பக்கத்தில் குனிந்திருக்கும் இளைஞனைக் காட்டுகிறாரா, இருவரில் மத்தேயு யார் என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. யாராக இருந்தாலும் படத்தின் பொருள் மாறாது. ஒளி எல்லோரிடமும் வந்துவிட்டது; யார் நிமிர்கிறார் என்பதுதான் கதை. முகபாவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லியிருந்தால் மேடை நாடகம்போல ஆகியிருக்கும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், லைட் அண்ட் ஷேட் என்று பள்ளியிலும் கல்லூரியிலும் கற்றுக்கொடுப்பது வேறு வேலை. பந்தை உருண்டையாகக் காட்டுவதற்கான நிழல் அது. அஜந்தாவிலும் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களிலும் உள்ள நிழலும் உடம்பின் திரட்சியைக் காட்டும் நிழல்தான். குறிப்பிட்ட ஒரு விளக்கிலிருந்து வரும் ஒளியோ, தரையில் விழும் நிழலோ அங்கே கிடையாது. அந்த ஓவியங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. நீங்கள் கேட்பது இரண்டாவது வேலை: ஒரே ஒரு ஒளிமூலம், அதற்கு ஒரு திசை, அது போய்ச் சேராத இடங்கள். கியரோஸ்கியூரோ என்று பொதுவாகச் சொல்வார்கள். கரவாஜ்ஜோவைப்போல இருட்டே படத்தை ஆளும்படி செய்தால் டெனெப்ரிசம் என்பார்கள்.

இதில் பலர் விழும் குழி, வெளிச்சம் என்றால் நல்லது, இருட்டு என்றால் கெட்டது என்ற சூத்திரம். ஸ்பானிய ஓவியர் கோயா 1814இல் வரைந்த '1808 மே 3' படத்தைப் பாருங்கள். மாட்ரிட்டில் பிரெஞ்சுப் படையினர் பொதுமக்களைச் சுட்டுக் கொல்லும் காட்சி. ஒளிமூலம் தரையில் வைத்த ஒரு பெரிய லாந்தர். சுடுகிறவர்கள் குறி பார்க்க வைத்துக்கொண்ட வெளிச்சம் அது. கொலைக் கருவிகளில் அதுவும் ஒன்று. அந்த வெளிச்சமே இரு கைகளையும் உயர்த்தி நிற்பவனின் வெள்ளைச் சட்டையைப் படத்திலேயே மிகப் பிரகாசமான இடமாக்குகிறது. சிப்பாய்கள் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள், ஒருவனுக்கும் முகம் இல்லை. பின்னால் ஊரும் தேவாலயமும் இருட்டில் கிடக்கின்றன, அங்கிருந்து எந்த உதவியும் வரப்போவதில்லை. ஒளி இங்கே நன்மையும் அல்ல, தீமையும் அல்ல. சாகப்போகிறவனுக்கு முகம் கொடுக்கிறது, கொல்பவர்களுக்கு மறுக்கிறது. அவ்வளவு பெரிய தீர்ப்பை வேறெந்த வழியிலும் இத்தனை சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

விழுநிழலுக்கும் பொருள் உண்டு. டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 1642ஆம் ஆண்டு 'இரவுக் காவல்' படத்தில் கறுப்பு உடையில் நடுவில் நிற்கும் தளபதி கையை நீட்டி உத்தரவிடுகிறார். அந்தக் கையின் நிழல் பக்கத்தில் மஞ்சள் உடையில் நிற்கும் துணைத்தளபதியின் சட்டை மேல் விழுகிறது. யார் சொல்கிறார், யார் கேட்கிறார் என்பது அந்த நிழலிலேயே வந்துவிட்டது. இந்தப் படத்தைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இது இரவுக் காட்சியே அல்ல. மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் கறுத்துப்போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1940களில் சுத்தம் செய்தபோது பகல் வெளிச்சம் தெளிவாகத் தெரிந்தது. பழைய ஓவியங்களின் பழுப்பு நிறத்தை அச்சுப் பிரதியில் பார்த்து அப்படியே நகல் எடுப்பவர்கள், பெரும்பாலும் முதுமையைத்தான் நகல் எடுக்கிறார்கள்.

ஒளிமூலத்தைப் படத்துக்குள்ளேயே வைப்பது இன்னொரு வழி. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள, விளக்கை ஏந்தி நிற்கும் பெண்ணின் ஓவியத்தைப் பார்க்காத தமிழர் குறைவு. ரவி வர்மா வரைந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். வரைந்தவர் எஸ். எல். ஹல்தன்கர்; 1940களின் வேலை, அதுவும் வாட்டர்கலர். சுடரை அவள் கையால் மறைத்திருக்கிறாள். விரல்களினூடே ஒளி கசிந்து சிவக்கிறது. முகமும் மார்பும் அந்த ஒளியில் துலங்குகின்றன. சுடர் நம் கண்ணுக்குத் தெரியாததால் அதைவிடப் பிரகாசமாக எதையும் வரைய வேண்டிய கட்டாயம் ஓவியருக்கு இல்லை. இதுதான் இதன் தொழில்நுட்ப ரகசியம். பிரான்சின் ஜார்ஜ் டி லா தூர் பதினேழாம் நூற்றாண்டிலேயே இதைச் செய்துவிட்டார்: பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள 'தச்சர் புனித யோசேப்பு' படத்தில் குழந்தை இயேசு மெழுகுவர்த்தியைப் பிடித்திருக்கிறார், சுடருக்கு முன்னால் உள்ள கை வழியாக ஒளி ஊடுருவித் தெரிகிறது. பெரியவர் கட்டையைத் துளை போடுகிறார், குழந்தை வெளிச்சம் காட்டுகிறது. யார் யாருக்கு வழிகாட்டுகிறார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

உங்கள் படத்துக்கு வருவோம். உட்கார்ந்திருக்கும் அதே பெண்ணின் கையில் ஒரு கடிதம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடது மேலே ஜன்னல், வெளிச்சம் முகத்திலும் கடிதத்திலும் சமமாக விழுகிறது: படிக்கிறாள், அவ்வளவுதான். வெளிச்சம் கடிதத்தில் மட்டும் பட்டு, அந்தத் தாளிலிருந்து திரும்பும் மங்கலான ஒளி மட்டும் தாடையையும் மூக்கின் அடிப்பக்கத்தையும் தொடுகிறது என்றால், செய்தி அவளைவிடப் பெரிதாகிவிடும். பின்னால் கதவு திறந்து வெளிச்சம் வருகிறது, அவள் முதுகைக் காட்டிக்கொண்டு இருட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். தோளிலும் கூந்தல் ஓரத்திலும் ஒரு கோடுபோல ஒளி. போக வழி இருக்கிறது, போக மனமில்லை என்று படம் பேசத் தொடங்கும். முகம் முழுக்க இருட்டில், மடியில் கோத்த கைகள் மட்டும் வெளிச்சத்தில் என்றால், காத்திருப்பு. கீழேயிருந்து வரும் ஒளி முகத்தை அந்நியமாக்கும், ஏனென்றால் புருவத்தின் நிழல் மேல்நோக்கி விழுவதைக் காண நம் கண் பழகவில்லை. அடுப்போ அகல்விளக்கோ காரணமாக இல்லாமல் அதைப் பயன்படுத்தினால் பேய்க்கதை அட்டைப்படம் ஆகிவிடும். இந்த ஐந்தில் எது உங்கள் மனதில் இருந்ததோ அதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டைக் கலக்காதீர்கள். ஒரு படத்துக்கு ஒரு விளக்கு.

முதலில் பென்சிலும் தாளும்

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ், வெனிஸ் ஓவியர்களைப் படிக்க எளிய முறை ஒன்றை வைத்திருந்தார். ஓவியத்தின் முன் நின்று, குறிப்பேட்டின் ஒரு தாளை அந்தப் படத்தின் இருள், இடைநிலை, ஒளி என்ற மூன்றுக்கு ஏற்றபடி பென்சிலால் தீற்றுவார்; வெள்ளைத் தாளை ஒளிக்கு விட்டுவிடுவார். உருவம், கதை எதையும் பார்க்க மாட்டார். சில படங்களுக்குப் பிறகு எல்லாத் தாள்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தன: ஒளி கால் பங்குக்கு மேல் இல்லை, நல்ல இருள் இன்னொரு கால் பங்கு, மீதிப் பாதி இடைநிலை. ரெம்பிராண்டிடம் ஒளி எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது என்றும் எழுதினார்; அந்த ஒளி பளிச்சென்று இருந்தாலும் படத்தின் மற்ற பகுதிகள் அதற்குப் பலியாகின்றன என்பது அவருடைய கருத்து. அந்தப் பலி தேவையா என்பது நீங்கள் சொல்ல வரும் விஷயத்தைப் பொறுத்தது. என் அபிப்பிராயத்தில், தனிமையைச் சொல்லும் படத்துக்கு அது தேவை.

நீங்களும் இதைச் செய்யுங்கள். தீப்பெட்டி அளவுக்கு ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அதே உருவம், ஆனால் ஒளி வேறு. 6பி பென்சிலோ கறுப்பு மார்க்கரோ போதும். முதலில் கறுப்பு, வெள்ளை என இரண்டே நிலைகள், பிறகு சாம்பல் சேர்த்து மூன்று. கறுப்பும் வெள்ளையும் பாதிக்குப் பாதியாக வந்த கட்டத்தை ஒதுக்கிவிடுங்கள்; எது முக்கியம் என்று அதில் கண்ணுக்குத் தெரியாது. ஏழு பங்கு இருளுக்கு மூன்று பங்கு ஒளி, அல்லது அதைவிடக் குறைவு என்பது நல்ல தொடக்கம். வெள்ளைப் பகுதிகள் சிதறிய புள்ளிகளாக இல்லாமல் ஒன்றோடொன்று தொட்டு ஒரே வடிவமாகப் போக வேண்டும், இருளும் அப்படியே. இந்தச் சின்னக் கட்டத்தில் வேலை செய்யாத படம் பெரிய கேன்வாஸில் ஒருபோதும் வேலை செய்யாது.

விளக்கு வைக்கும் முறை

ஒரு பல்பு, ஒரே ஒரு பல்பு. 9 வாட் வார்ம் ஒயிட் எல்இடி போதும். மாடலாக உட்காருபவரின் முகத்துக்கு முன்புறம் பக்கவாட்டில் 45 டிகிரி, தலைக்கு மேலே 45 டிகிரி. தூரம்தான் முக்கியம். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். பல்பு முகத்திலிருந்து 60 செ.மீ., சுவர் பல்பிலிருந்து 180 செ.மீ. என்றால் சுவருக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு. வெள்ளைச் சுவர்கூட அடர் சாம்பலாகிவிடும். அதே பல்பை முகத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி வைத்தால், சுவர் 3.2 மீட்டரில் இருக்கும், ஐந்தில் இரண்டு பங்கு ஒளி போய்ச் சேரும், இருட்டு போய்விடும். கறுப்புத் துணி வாங்குவதற்கு முன் விளக்கை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள்.

நம் வீடுகளில் வெள்ளைச் சுவரும் பளபளக்கும் டைல்ஸும் ஒளியைத் திருப்பி அனுப்பி நிழலைக் கலைத்துவிடும். நிழல் விழும் பக்கத்தில் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டு, தரையிலும் அடர்நிறத் துணி விரித்தால் நிழல் ஆழமாகும். மூடியில்லாத சிறிய பல்பு கூர்மையான நிழல் விளிம்பைத் தரும்; நடுவே ட்ரேசிங் தாளோ மெல்லிய வெள்ளை வேட்டியோ தொங்கவிட்டால் விளிம்பு கரையும். கேன்வாஸுக்கும் பேலட்டுக்கும் தனி விளக்கு வேண்டும், அதன் ஒளி மாடல் மேல் படக்கூடாது. இருட்டில் கலக்கிய நிறம் காலையில் பார்த்தால் வெளிறிப்போயிருக்கும்.

மொபைலில் படம் எடுத்து அதைப் பார்த்து வரைகிறவர்கள் கவனிக்க: கேமரா தானாகவே நிழலைத் தூக்கிவிடும். எச்டிஆரை (நிழலைத் தானாக வெளிச்சமாக்கும் வசதி) அணைத்துவிட்டு, முகத்தின் வெளிச்சமான இடத்தைத் தொட்டு எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) பூட்டி, பிறகு சற்றே குறைத்து எடுங்கள்.

வண்ணத்தில் எவ்வளவு தூரம் போகலாம்

டைட்டானியம் வெள்ளைக்கும் நல்ல கறுப்புக்கும் நடுவே ஒளி திருப்பும் வித்தியாசம் ஏறத்தாழ இருபது, முப்பது மடங்குதான். வெயிலில் நிற்கும் வெள்ளைச் சட்டைக்கும் கதவுக்குப் பின்னால் உள்ள இருட்டுக்கும் உண்மையில் ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கும். அதனால் நேரில் காண்பதை அப்படியே வரைய முடியாது. சுருக்கித்தான் ஆக வேண்டும். 1 கறுப்பு, 9 வெள்ளை என ஒன்பது படிகள் கொண்ட ஒரு பட்டையை அட்டையில் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நிழல் குடும்பம் முழுவதும் 1 முதல் 3 வரை. இடைநிலை 4, 5. ஒளிக் குடும்பம் 6 முதல் 8. 9 என்பது படத்தில் ஒரே ஒரு இடத்துக்கு, அதுவும் 1க்குப் பக்கத்தில். கண் முதலில் போய் நிற்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். அங்கே கதையின் முக்கியமான பொருள் இல்லாமல், பின்னால் தொங்கும் துண்டு இருந்தால் படம் துண்டைப் பற்றியதாகிவிடும்.

மீறக்கூடாத விதி ஒன்று: நிழலுக்குள் இருக்கும் மிகப் பிரகாசமான இடம், ஒளிக்குள் இருக்கும் மிக இருண்ட இடத்தைவிட இருட்டாக இருக்க வேண்டும். தாடைக்கு அடியில் தெரியும் எதிரொளியை (பக்கத்துப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை) ஆசையோடு ஏற்றி வரைவதால்தான் முகம் இரண்டாகப் பிளந்து தட்டையாகிறது. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எதிரொளி நிழலோடு கரைந்துபோனால் சரி. வெள்ளைச் சேலையின் நிழல் பக்கமும் 3க்கு இறங்கியாக வேண்டும், "வெள்ளைதானே" என்று மனம் தடுத்தாலும். நிழலில் உள்ள முகத்தின் விழிவெண்மை இன்னும் கீழே போகும். அதைத் தூய வெள்ளையில் வைத்தவுடன் இருட்டெல்லாம் பொய்யாகிவிடுவதைப் பல படங்களில் காணலாம்.

பூசும் வரிசை

16 × 20 அங்குல கேன்வாஸ், வெள்ளை ஜெஸ்ஸோ (கேன்வாஸுக்கான அடிப்பூச்சு) பூசியது என்று எடுத்துக்கொள்கிறேன். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழுவதும் தேய்த்து, துணியால் துடைத்து, 4 அல்லது 5ஆம் படி வரும்படி நிறுத்துங்கள். ஒன்றிரண்டு நாளில் காயும். அவசரம் என்றால் அக்ரிலிக் அம்பர் பூசி ஒரு மணி நேரத்தில் தொடங்கலாம் (அக்ரிலிக் மேல் ஆயில் நிற்கும், ஆயில் மேல் அக்ரிலிக் நிற்காது). வெள்ளைக் கேன்வாஸில் எந்த நிறமும் இருட்டாகத் தெரியும் என்பதால் நிழலைப் பயந்து பயந்து வைப்போம்; இப்படிப் பூசிய பழுப்புத் தரையில் (படத்தின் அடிநிறத்தைத்தான் தரை என்கிறேன்) அந்தப் பயம் வராது. கரவாஜ்ஜோ பழுப்புத் தரையில்தான் வேலை செய்தார். உருவங்கள் சேரும் இடங்களில் அந்தத் தரையையே பூசாமல் விட்டு இடைநிலையாகவும் விளிம்பாகவும் பயன்படுத்தினார்.

காய்ந்த தரை மேல் அம்பரால் இருளை முழுக்கத் தீட்டி, ஒளி வரும் இடங்களைத் துணியால் துடைத்து எடுங்கள். பெரிய வடிவங்கள் மட்டும். இந்தக் கட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் கதை புரிய வேண்டும். புரியவில்லை என்றால் மீண்டும் துடையுங்கள், செலவு ஒன்றும் இல்லை.

இருளுக்கான நிறம்: ட்யூபிலிருந்து வரும் கறுப்பை நேராகப் பூச வேண்டாம். பர்ன்ட் அம்பரும் அல்ட்ரமரின் நீலமும் பாதிக்குப் பாதி கலந்தால் ஆழமான கறுப்பு வரும். அம்பர் கூடினால் வெதுவெதுப்பு, நீலம் கூடினால் குளிர்ச்சி. இரண்டையும் பின்னணியில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் அதே இருட்டுக்குள் காற்று இருப்பது தெரியும்; உங்கள் படத்தின் கறுப்பு ஓட்டைபோல் தோன்றியதற்கு ஒரே நிறம், ஒரே தடிமன் காரணமாக இருக்கலாம். ஐவரி பிளாக் மெதுவாகக் காயும், எண்ணெயும் அதிகம் குடிக்கும். அதைத் தடிமனாக அடியில் பூசி, மேலே சீக்கிரம் காயும் நிறத்தைப் போட்டால் பின்னால் வெடிப்பு விடும்.

நிழலை மெல்லியதாகவும் ஒளியைத் தடிமனாகவும் பூசுங்கள். தடித்த இருட்டின் பிரஷ் தடங்கள் அறை வெளிச்சத்தில் மினுங்கிச் சாம்பலாகத் தெரியும். மெல்லிய இருட்டு கண்ணை உள்ளே இழுக்கும். ரெம்பிராண்ட் ஈய வெள்ளையை ஒளியில் மேடாகக் குவித்தார், நிழலை ஊடுருவித் தெரியும்படி விட்டார். நிழலில் வெள்ளையைக் கலக்காமல் இருப்பது நல்லது, சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். வெளிச்சமாக்க வேண்டுமென்றால் பர்ன்ட் சியன்னாவோ (செம்பழுப்பு) மஞ்சள் ஓக்கரோ (மண்மஞ்சள்) சேருங்கள். ஹைலைட்டுக்கு, அதாவது மிகப் பளிச்சென்ற ஒளிப்புள்ளிக்கு, டைட்டானியம் வெள்ளையில் ஓக்கர் ஒரு துளி. பிரஷ்ஷில் நிறைய எடுத்து ஒரே தொடுதல். தேய்க்கத் தொடங்கினால் அது ஹைலைட் அல்ல. மஞ்சள் பல்பு ஒளி என்றால் நிழல் குளிர்ச்சிப் பக்கம் சாயும். ஜன்னல் வழி வரும் வானத்து ஒளி என்றால் நிழல் வெதுவெதுப்பாக இருக்கும்.

விளிம்புகளையும் கதைக்கு ஏற்பக் கொடுங்கள். முக்கியமான ஓரிரு இடங்களில் கத்திபோல் கூர்மை. மற்றதெல்லாம் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த பிரஷ்ஷால் தடவி இருளில் கரைத்துவிடலாம். கூந்தலும் பின்னணியும் ஒரே 1, 2ஆம் படியில் இருந்தால் நடுவே கோடு போட வேண்டாம். பார்ப்பவர் தானே நிரப்பிக்கொள்வார். ஒளிபட்ட பக்கத்துக்குப் பின்னால் பின்னணியைச் சற்று இருட்டாகவும், நிழல் பக்கத்துக்குப் பின்னால் சற்று வெளிச்சமாகவும் வைத்தால் உருவம் சுவரிலிருந்து விலகி நிற்கும்.

மாநிறமும் கறுப்பு நிறமும்

ஐரோப்பிய முறையை அப்படியே பிடித்துக்கொண்டு வெள்ளைத் தோலுக்கான படிகளை நம் முகங்களுக்குப் போடுவதால் வரும் கேடு பெரியது. கறுத்த தோலில் ஒளிபட்ட பரப்பே 3 அல்லது 4ஆம் படியில்தான் இருக்கும், நிழல் 1, 2. ஆனால் ஹைலைட் 6, 7 வரை பாயும், விளிம்பு கூர்மையாக இருக்கும். நெற்றி, மூக்கு நுனி, கன்ன எலும்பு, தோள்பட்டை ஆகியவை சூழலின் நிறத்தை வாங்கித் திருப்பித் தரும். வானத்தின் கீழ் அது நீலம் கலந்ததாகவும், விளக்கொளியில் மஞ்சளாகவும் இருக்கும். முகத்தை "தெரிய வைக்க" வெள்ளை கலந்து தூக்கினால் சாம்பல் பூசிய முகம் வரும், அந்த மனிதரும் காணாமல் போவார். முகத்தை அதன் படியிலேயே விட்டுவிட்டு, பின்னணியை இன்னொரு படி கீழே இறக்கலாம், அல்லது நிழல் பக்கத்துக்குப் பின்னால் மங்கலான சுவர் வெளிச்சம் ஒன்றை வைக்கலாம். அல்லது ஓர ஒளி ஒன்று.

2021இல் மறைந்த ஓவியர் எஸ். இளையராஜாவின் படங்களை இதற்காகவே படிக்க வேண்டும். கதவோரத்திலும் ஜன்னலோரத்திலும் நிற்கும் நம் ஊர்ப் பெண்கள். வெயில் தோலின் கருமையைக் குறைக்காமல், அந்தக் கருமையின் மேலேயே செம்பு நிறத்தில் விழுகிறது. ஒளி என்றால் உயர்வு, கறுப்பு என்றால் தாழ்வு என்று பழகிப்போன கண்ணுக்கு, கறுத்த முகத்தின் மேல் மரியாதையோடு ஒளி விழுவதைக் காட்டுவதே ஒரு பொருள்தான்.

வேறு மீடியத்தில் செய்பவர்களுக்குச் சுருக்கமாக: அக்ரிலிக் காயும்போது சற்று இருளும், ஆகவே இடைநிலைகளை அரைப்படி ஏற்றி வையுங்கள். வாட்டர்கலர் காயும்போது வெளிறும், இருளை இரண்டு மூன்று பூச்சுகளில் கட்ட வேண்டும். ஒளி என்பது தொடாமல் விட்ட தாள், பிறகு மீட்க முடியாது. போஸ்டர் கலரில் இருண்ட நிறங்கள் வெளிறியும் வெளிர் நிறங்கள் சற்று இருண்டும் காயும், அதனால் கான்ட்ராஸ்ட் தானாகவே சுருங்கிவிடும். சார்க்கோல் நல்ல பயிற்சி. தாள் முழுக்கக் கரியைத் தேய்த்து, ரப்பரால் ஒளியை எடுத்து வரையலாம்.

ஆயிலில் வேலை முடிந்த சில நாட்களில் இருண்ட பகுதிகள் திட்டுத்திட்டாக மங்கிச் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிவிட்டதால் வருவது இது, நிறம் கெட்டுப்போகவில்லை. இதைப் பார்த்துவிட்டு மேலும் கறுப்பு அடிக்காதீர்கள். தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும், லின்சீட் எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவில் கலந்து, மங்கிய இடத்தில் மட்டும் துணியால் மிக மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், ஆழம் திரும்பிவிடும். ஆறு மாதமாவது கழித்து வார்னிஷ். கண்ணாடி போட்டால் இருண்ட படம் எதிரே இருப்பதையெல்லாம் பிரதிபலிக்கும், ஆகவே கண்ணாடி வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் மாட்ட வேண்டாம். பக்கச்சுவரில், படத்துக்குள் விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதே பக்கம் அறையின் வெளிச்சமும் இருக்கும்படி மாட்டுங்கள்.